பைத்தான் நிரல்களை ஒரே பொதியாகக் கட்டும்போது எழும் இம்போர்ட் பிழைகள்: முழுமையான வழிகாட்டி

பல கோப்புகளாகப் பரந்து கிடக்கும் பைத்தான் திட்டத்தை ஒரே கோப்பாகக் கட்டி, பைத்தான் நிறுவப்பட்டிருக்கும் வேறு கணினியில் அப்படியே இயக்க முடியும். உள்ளே `__மெயின்__.பிஒய்` என்ற கோப்பைக் கொண்ட ஜிப் கோப்பை நேரடியாக இயக்கும் திறன் 2008இல் வந்த பைத்தான் 2.6 முதலே இருக்கிறது. ஜிப் கோப்பின் உள்ளிருந்து மாட்யூல்களை (தனித்தனி நிரல் கோப்புகளை) இம்போர்ட் செய்யும், அதாவது இன்னொரு நிரலுக்குள் ஏற்றும், திறன் அதற்கும் முந்தையது. 2003இல் வெளியான 2.3 பதிப்பிலேயே அது வந்துவிட்டது. 2015இல் வந்த 3.5 பதிப்பிலிருந்து, இத்தகைய பொதியைக் கட்டித் தரும் ஜிப்ஆப் என்ற கருவி பைத்தானோடு சேர்ந்தே கிடைக்கிறது.

பொதியைக் கட்டுவது ஒரே கட்டளையில் முடிந்துவிடும் வேலை. சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. கோப்புறையாக இருந்தபோது குறையின்றி ஓடிய நிரல் பொதியான பின் ஒரு மாட்யூலைக் காணவில்லை என்கிறது. அல்லது கட்டியவரின் கணினியில் ஓடிவிட்டு, சர்வரில் ஏற்றியதும் நின்றுவிடுகிறது. அப்போது பலர், பைத்தான் மாட்யூல்களைத் தேடும் இடங்களைக் கொண்ட `சிஸ்.பாத்` பட்டியலில் ஒவ்வொரு பாதையாகச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அது பெரும்பாலும் பிழையை மறைக்குமே தவிர நீக்காது. பைத்தான் எங்கே தேடியது, அங்கே அந்தக் கோப்பு இருந்ததா, இருந்தும் ஏன் ஏற்கவில்லை என்ற மூன்று கேள்விகளுக்கும் பைத்தானே விடை சொல்லும் வழிகள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும் பழக்கத்தைத்தான் இந்த வழிகாட்டி வலியுறுத்துகிறது.

கட்டளைகள், கோப்புப் பெயர்கள், பிழைச்செய்திகள் ஆகியவற்றை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களைத் தனியே குறிப்பிட்டுள்ளேன்.

எடுத்துக்காட்டுத் திட்டமும் அதைக் கட்டும் முறையும்

ரிப்போர்ட் என்ற பேக்கேஜை, அதாவது மாட்யூல்களைக் கொண்ட கோப்புறையை, எடுத்துக்கொள்வோம். அமைப்புகளை யாமெல் என்ற உரை வடிவக் கோப்பிலிருந்து படித்து, ஜின்ஜா2 என்ற நூலகத்தின் வார்ப்புருவின் வழியே ஓர் எச்டிஎம்எல் அறிக்கையை உருவாக்குவது அதன் வேலை. அதற்குள் `__இனிட்__.பிஒய்`, `சிஎல்ஐ.பிஒய்`, `யுட்டில்ஸ்.பிஒய்` ஆகிய கோப்புகளும், வார்ப்புருக்களை வைத்திருக்கும் டெம்ப்ளேட்ஸ் என்ற கோப்புறையும் உள்ளன.

முதலில் பில்ட் என்ற வெறும் கோப்புறையை உருவாக்கி, ரிப்போர்ட் கோப்புறையை முழுதாக அதற்குள் நகலெடுங்கள். அடுத்து, திட்டத்துக்குத் தேவையான நூலகங்களையும் பிப் என்ற நிறுவல் கருவியால் அதே இடத்தில் நிறுவுங்கள்:

`பைத்தான்3 -எம் பிப் இன்ஸ்டால் ஜின்ஜா2 பையாமெல் --டார்கெட் பில்ட்`

பிறகு பொதியைக் கட்டுங்கள்:

`பைத்தான்3 -எம் ஜிப்ஆப் பில்ட் -ஓ ரிப்போர்ட்.பிஒய்இசட் -எம் "ரிப்போர்ட்.சிஎல்ஐ:மெயின்" -பி "/யுஎஸ்ஆர்/பின்/இஎன்வி பைத்தான்3"`

இரண்டாவதாக வரும் `-எம்` தொடக்கப் புள்ளியைக் குறிக்கிறது. ரிப்போர்ட் பேக்கேஜின் சிஎல்ஐ மாட்யூலில் உள்ள மெயின் ஃபங்ஷனை அழைக்கும் `__மெயின்__.பிஒய்` கோப்பை ஜிப்ஆப் தானே எழுதிப் பொதிக்குள் வைத்துவிடும். `-பி` (ஆங்கில அகரவரிசையின் பதினாறாம் எழுத்து) என்பது, கோப்பை எந்த நிரலால் இயக்க வேண்டும் என்று சொல்லும் ஷெபாங் வரியைப் பொதியின் தலையில் சேர்க்கிறது. ஜிப் கோப்பின் உள்ளடக்கப் பட்டியல் கோப்பின் கடைசியில் இருப்பதால், முன்னால் ஒரு வரி சேர்வது அதைப் பாதிப்பதில்லை. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு விசித்திரமான பிழையைப் புரிந்துகொள்ள உதவும்.

எதையும் திருத்துவதற்கு முன்: தனிமைப்படுத்துங்கள்

கட்டியவரின் கணினியில் பொதி ஓடுவதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அந்தக் கணினியில் ஜின்ஜா2 ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கலாம். பொதிக்குள் அது இல்லாவிட்டாலும் பைத்தான் வெளியிலிருந்து எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஓடிவிடும். ரிப்போர்ட் பேக்கேஜையே நீங்கள் திருத்தக்கூடிய முறையில் (மூலக் கோப்புறையையே பைத்தான் நேரடியாகப் படிக்கும் வகையில்) நிறுவியிருந்தால், பொதியில் உள்ள நகலில் ஒரு கோப்பு விடுபட்டிருப்பதைக்கூட மேலோட்டமான சோதனை காட்டிக்கொடுக்காமல் போகலாம்.

ஆகவே பொதியை மட்டும் வேறொரு வெற்றுக் கோப்புறைக்கு நகலெடுத்து, அங்கிருந்து இப்படி இயக்குங்கள். இதில் வரும் ஐ, எஸ் இரண்டும் பெரிய எழுத்துகள்:

`பைத்தான்3 -ஐ -எஸ் ரிப்போர்ட்.பிஒய்இசட்`

பெரிய ஐ என்பது பைத்தான்பாத் போன்ற சூழல் மாறிகளையும் பயனரின் தனி நூலகக் கோப்புறையையும் ஒதுக்கிவிடுகிறது. பெரிய எஸ் என்பது, நிறுவிய நூலகங்கள் இருக்கும் சைட்-பேக்கேஜஸ் கோப்புறையைத் தேடல் பாதையில் சேர்க்கும் வேலையையே நிறுத்திவிடுகிறது. மிஞ்சுவன பொதியும் பைத்தானின் சொந்த நூலகமும் மட்டுமே. இந்தச் சோதனையில் தேறும் பொதி, அதே பைத்தான் பதிப்பும் அதே இயங்குதளமும் உள்ள மற்றொரு கணினியில் இம்போர்ட் பிழை தருவது மிக அரிது. வேறு எதைத் தவிர்த்தாலும் இதை மட்டும் தவிர்க்காதீர்கள்; பொதியைத் தானாகக் கட்டும் ஏற்பாடு இருந்தால் இந்த வரியை அதன் கடைசிப் படியாகச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்ததாகப் பொதியின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்:

`பைத்தான்3 -எம் ஜிப்ஃபைல் -எல் ரிப்போர்ட்.பிஒய்இசட்`

வேரில் `__மெயின்__.பிஒய்` இருக்க வேண்டும். அதற்குப் பக்கத்தில், அதே மட்டத்தில், ரிப்போர்ட், ஜின்ஜா2, மார்க்கப்சேஃப், யாமெல் ஆகிய கோப்புறைகள் இருக்க வேண்டும். பாதிப் பிழைகளின் காரணம் இந்தப் பட்டியலைப் படிக்கும்போதே தெரிந்துவிடும்.

அப்போதும் தெரியவில்லை என்றால், சிறிய எழுத்தில் `-வி` சேர்த்து இயக்குங்கள். பைத்தான் எந்தெந்தப் பெயரை எங்கெங்கே தேடுகிறது என்பது வரிவரியாக அச்சாகும். பொதியை அது ஜிப்பாகப் படித்திருந்தால் "ஜிப்இம்போர்ட்: ஃபவுண்ட்" என்று தொடங்கும் வரி ஒன்று, உள்ளே எத்தனை பெயர்கள் கிடைத்தன என்பதைச் சொல்லும். அந்த வரியே இல்லாமல், கோப்பில் நல் பைட்டுகள் இருக்கின்றன என்றோ எழுத்துக்குறியாக்கம் தவறு என்றோ ஒரு சின்டாக்ஸ் எரர் வந்தால் உங்கள் நிரலில் பிழை தேட வேண்டாம். ஏற்றும்போது கோப்பு பாதியில் அறுந்துபோய், கடைசியில் இருக்க வேண்டிய உள்ளடக்கப் பட்டியல் தொலைந்திருக்கிறது. அதனால் பைத்தான் அதை ஜிப் என்று அடையாளம் காணாமல், சாதாரண நிரல் கோப்பாக எண்ணிப் படிக்க முயன்றிருக்கிறது. கோப்பின் அளவை ஒப்பிட்டுப் பார்த்து மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும்.

தொடக்கப் புள்ளியில் வரும் பிழைகள்

"கான்ட் ஃபைண்ட் __மெயின்__ மாட்யூல்" என்ற செய்தி, வேரில் அந்தக் கோப்பு இல்லை என்பதைத் தவிர வேறு எதையும் சொல்வதில்லை. ஜிப்ஆப் கருவிக்குப் பதிலாகக் கையால் ஜிப் செய்பவர்களுக்கே இது அதிகம் நேர்கிறது. பில்ட் கோப்புறையின் உள்ளடக்கத்தை ஜிப் செய்வதற்குப் பதில் கோப்புறையையே ஜிப் செய்துவிட்டால், எல்லாம் ஒரு மட்டம் கீழே இறங்கி `பில்ட்/__மெயின்__.பிஒய்` என்று ஆகிவிடும். கோப்புறைக்குள் நுழைந்து அங்கிருந்து ஜிப் செய்ய வேண்டும். ஜிப்ஆப்பிடம் விட்டுவிடுவது அதைவிட நல்லது.

வேரில் நீங்களே எழுதிய `__மெயின்__.பிஒய்` இருக்கும்போது தொடக்கப் புள்ளியையும் கொடுத்தால் ஜிப்ஆப் கட்டவே மறுக்கும். இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள். சிக்கலான திட்டங்களுக்கு நான் கையால் எழுதுவதையே பரிந்துரைப்பேன். ஜிப்ஆப் எழுதும் கோப்பு ஃபங்ஷனை அழைப்பதோடு நின்றுவிடுகிறது. அது திருப்பித் தரும் மதிப்பை வெளியேறும் குறியீடாக மாற்றுவதில்லை. உங்கள் மெயின் ஃபங்ஷன் தோல்வியைக் குறிக்க 1 என்று திருப்பித் தந்தாலும், பொதி 0 என்ற வெற்றிக் குறியீட்டோடுதான் முடியும். கையால் எழுதும்போது அந்த அழைப்பை `சிஸ்.எக்ஸிட்` அழைப்புக்குள் வைத்துவிடலாம்.

எந்தப் பிழையும் இல்லாமல், எதையும் செய்யாமல் பொதி முடிந்துவிட்டால், உங்கள் வேலை முழுவதும் `__நேம்__` மதிப்பைச் சோதிக்கும் இஃப் வரிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பொதியில் `__மெயின்__` என்ற பெயர் வேரில் உள்ள கோப்புக்கு மட்டுமே உரியது. சிஎல்ஐ மாட்யூல் இம்போர்ட் செய்யப்படுவதால் அதன் பெயர் ரிப்போர்ட்.சிஎல்ஐ என்றே இருக்கும். அந்த இஃப் வரிக்குள் இருப்பது ஒருபோதும் ஓடாது.

சார்பு இம்போர்ட்டும் தனி இம்போர்ட்டும்

அதிகம் குழப்புகிற பகுதி இதுதான். இதைப் புரிந்துகொள்ள ஒரு விதியை மட்டும் மனத்தில் நிறுத்தினால் போதும்: பொதியை இயக்கும்போது `சிஸ்.பாத்` பட்டியலின் முதல் இடத்தில் பொதியின் வேர் வந்து அமர்கிறது. வேரில் இருக்கும் `__மெயின்__.பிஒய்` எந்தப் பேக்கேஜுக்கும் சொந்தமானதன்று.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. முதலாவது, `__மெயின்__.பிஒய்` கோப்புக்குள் புள்ளியில் தொடங்கும் சார்பு இம்போர்ட் செல்லாது. "ஃப்ரம் .ரிப்போர்ட்.சிஎல்ஐ இம்போர்ட் மெயின்" என்று எழுதினால், "அட்டெம்ப்டெட் ரிலேட்டிவ் இம்போர்ட் வித் நோ நோன் பேரன்ட் பேக்கேஜ்" என்ற செய்தி வரும். தாய்ப் பேக்கேஜே இல்லாத இடத்தில் புள்ளி எதைக் குறிப்பது? முன்னால் இருக்கும் புள்ளியை நீக்கி முழுப் பெயரால் அழைத்தால் சரியாகிவிடும்.

இரண்டாவது இதற்கு நேர்மாறானது. திட்டத்தை உருவாக்கும் காலத்தில் பலர் சிஎல்ஐ கோப்பை நேரடியாக, `பைத்தான்3 ரிப்போர்ட்/சிஎல்ஐ.பிஒய்` என்று இயக்கிப் பழகியிருப்பார்கள். அப்போது தேடல் பாதையின் முதல் இடத்தில் ரிப்போர்ட் கோப்புறை இருக்கும். ஆகவே அந்தக் கோப்பில் "இம்போர்ட் யுட்டில்ஸ்" என்று எழுதியது வேலை செய்திருக்கும். பொதியில் முதல் இடம் வேருக்குப் போய்விடுகிறது. வேரில் யுட்டில்ஸ் இல்லை. அது ரிப்போர்ட்டுக்குள் இருக்கிறது. எனவே "நோ மாட்யூல் நேம்ட் யுட்டில்ஸ்" என்று நின்றுவிடும். பட்டியலில் கோப்பு கண்முன்னே தெரிந்தும் பைத்தான் இல்லை என்கிறதே என்று திகைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். "ஃப்ரம் ரிப்போர்ட் இம்போர்ட் யுட்டில்ஸ்" என்று மாற்றுங்கள். பேக்கேஜுக்குள் இருக்கும் கோப்பு என்பதால் "ஃப்ரம் . இம்போர்ட் யுட்டில்ஸ்" என்பதும் இங்கே செல்லும், ஆனால் முழுப் பெயரைப் படிப்பவர் அது எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டியதில்லை என்பதால் நான் முதலாவதையே விரும்புகிறேன். உருவாக்கும் காலத்திலும் இனி `பைத்தான்3 -எம் ரிப்போர்ட்.சிஎல்ஐ` என்று இயக்கிப் பழகினால், கோப்புறையிலும் பொதியிலும் தேடல் பாதை ஒரே மாதிரி அமைந்துவிடும்.

பொதியின் வேர் பைத்தானின் சொந்த நூலகத்துக்கும் முன்னால் நிற்பதால் இன்னொரு ஆபத்தும் உண்டு. வேரில் லாகிங், ரேண்டம், டோக்கன் போன்ற பெயரில் நீங்கள் ஒரு கோப்பு வைத்திருந்தால், அதே பெயருள்ள பைத்தானின் மாட்யூலை அது மறைத்துவிடும். நீங்கள் தொடாத ஒரு நூலகத்தின் உள்ளிருந்து பிழை எழும். பெரும்பாலும் அட்ரிப்யூட் எரராக, அல்லது சுழற்சி இம்போர்ட் இருக்கலாம் என்று ஐயப்படும் செய்தியாக வரும். எந்தக் கோப்பு ஏற்றப்படுகிறது என்று மாட்யூலிடமே கேட்டுவிடலாம். பைத்தான்பாத் சூழல் மாறியில் பொதியின் பாதையைக் கொடுத்து, ஐயத்துக்குரிய மாட்யூலை ஒருவரிக் கட்டளையில் இம்போர்ட் செய்து, அதன் `__ஃபைல்__` மதிப்பை அச்சிடுங்கள். விடையில் ரிப்போர்ட்.பிஒய்இசட் என்று வந்தால் குற்றவாளி உங்கள் கோப்புதான். பெயரை மாற்றுங்கள், அல்லது பேக்கேஜுக்குள் நகர்த்துங்கள். பைத்தான்பாத் மாறியைப் பெரிய ஐ மதிக்காது என்பதால் இந்த ஒரு சோதனையை மட்டும் அது இல்லாமல் செய்ய வேண்டும்.

பொதிக்குள் வந்து சேராத நூலகங்கள்

பிப் எந்த நூலகங்களை இறக்குவது என்று முடிவெடுப்பது, அது ஓடும் கணினியின் இயங்குதளத்தையும் பைத்தான் பதிப்பையும் பார்த்துத்தான். பொதி எங்கே ஓடப் போகிறது என்பது அதற்குத் தெரியாது. கிளிக் நூலகத்தின் 8ஆம் வரிசை வின்டோஸில் மட்டும் கலரமா என்ற இன்னொரு நூலகம் வேண்டும் என்று அறிவித்திருந்தது. லினக்ஸில் கட்டினால் கலரமா இறங்காது, அந்தப் பொதியை வின்டோஸில் இயக்கும் ஒருவருக்கு மாட்யூல் இல்லை என்ற பிழை வரும். பதிப்பு வேறுபாட்டிலும் இதே கதைதான். டாம்ல்லிப் மாட்யூல் 3.11 முதல் பைத்தானுக்குள்ளேயே இருப்பதால், அதற்கு முந்தைய பதிப்புகளுக்கு மட்டும் அதே வேலையைச் செய்யும் டாம்லி நூலகத்தைக் கேட்கும் திட்டங்கள் பல உள்ளன. 3.12இல் கட்டிய பொதியை 3.10இல் ஓட்டினால் டாம்லி காணாமல் போகும். பொதி ஓட வேண்டிய பதிப்புகளில் மிகப் பழையதில் கட்டுவது நல்ல வழி. மற்ற இயங்குதளங்களுக்கு மட்டும் தேவைப்படும் நூலகங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

பிப் ஒவ்வொரு நூலகத்தோடும் டிஸ்ட்-இன்ஃபோ என்று முடியும் கோப்புறை ஒன்றை வைக்கும். பொதியைச் சிறிதாக்க அதை நீக்கலாம் என்ற ஆலோசனை பரவலாக இருக்கிறது. பைத்தானின் ஆவணமே அதை விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. ஆனால் நான் நீக்க வேண்டாம் என்பேன். தங்கள் பதிப்பு எண்ணையோ செருகு நிரல்களையோ `இம்போர்ட்லிப்.மெட்டாடேட்டா` வழியே கேட்டறியும் நூலகங்கள் இன்று ஏராளம். அந்தக் கோப்புறை இல்லாவிட்டால் "பேக்கேஜ்நாட்ஃபவுண்ட்எரர்" எழும். மாட்யூல் கண்முன்னே இருக்க, பேக்கேஜ் இல்லை என்று செய்தி வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். சில கிலோபைட்டுகளை மிச்சப்படுத்துவதற்காக ஏற்கத்தக்க ஆபத்தன்று இது.

தேடல் பாதையில் இடங்களைச் சேர்க்கும் பிடிஎச் கோப்புகளை நம்பியிருக்கும் நூலகங்களும் பொதிக்குள் வேலை செய்யாது. சைட்-பேக்கேஜஸ் போன்ற கோப்புறைகளில் மட்டுமே பைத்தான் அந்தக் கோப்புகளைப் படிக்கிறது. பொதியின் வேர் அப்படிப்பட்ட இடமன்று.

சி மொழியில் எழுதப்பட்ட நீட்சிகள்

எந்த இம்போர்ட் உத்தியாலும் தாண்ட முடியாத சுவர் இங்கே இருக்கிறது. லினக்ஸில் `.எஸ்ஓ`, வின்டோஸில் `.பிஒய்டி` என்று முடியும் தொகுக்கப்பட்ட நீட்சிகளை நினைவகத்தில் ஏற்றுவது இயங்குதளத்தின் வேலை. இயங்குதளம் அதற்கு வட்டில் ஓர் உண்மையான கோப்பை எதிர்பார்க்கிறது. ஜிப்புக்குள் இருப்பதை அதனிடம் கொடுக்க முடியாது. ஆகவே பைத்தானின் ஜிப்இம்போர்ட் `.பிஒய்`, `.பிஒய்சி` கோப்புகளை மட்டுமே தேடுகிறது; மற்றவை பொதியில் இருந்தாலும் அவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பட்டியலில் கோப்பு தெரியும், இம்போர்ட் மட்டும் தோற்கும்.

பில்ட் கோப்புறையில் இந்த இரண்டு நீட்டிப்புகளையும் தேடுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் இந்தப் பகுதியை விட்டுவிடலாம். இருந்தாலும் உடனே மனம் தளர வேண்டாம், எல்லாமே தடையாக இருப்பதில்லை. நம் எடுத்துக்காட்டில் ஜின்ஜா2 சார்ந்திருக்கும் மார்க்கப்சேஃப், வேகத்துக்காக ஒரு சி நீட்சியை வைத்திருக்கிறது. அது கிடைக்காவிட்டால் தூய பைத்தானில் எழுதிய மாற்று வடிவத்துக்குத் தானே மாறிக்கொள்கிறது. யாமெலைப் படிக்கும் பையாமெல் நூலகமும் அப்படித்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. உங்கள் நிரலில் "ஃப்ரம் யாமெல் இம்போர்ட் சிசேஃப்லோடர்" என்று வேகமான வடிவத்தைப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தால், பொதியில் அந்தப் பெயரே இருக்காது. "கெனாட் இம்போர்ட் நேம்" என்று தொடங்கும் பிழை வரும். அந்த வரியை ட்ரை, எக்செப்ட் இரண்டுக்கும் நடுவே வைத்து, கிடைக்காதபோது சாதாரண சேஃப்லோடரைப் பயன்படுத்துமாறு எழுதினால், நிரல் பொதியில் சற்று மெதுவாக, ஆனால் சரியாக ஓடும்.

எண் கணக்கீட்டு நூலகமான நம்பை, தரவுச் சரிபார்ப்பு நூலகமான பைடான்டிக்கின் இரண்டாம் வரிசை ஆகியவற்றுக்கு இப்படி ஒரு மாற்று இல்லை. நம்பை தன் சி நீட்சிகளை ஏற்ற முடியவில்லை என்று நீண்ட விளக்கத்தோடு பிழை தரும். பைடான்டிக், ரஸ்ட் மொழியில் எழுதிய தன் மையமான பைடான்டிக்-கோர் கிடைக்கவில்லை என்று நிற்கும். நிறுவலை மறுபடி மறுபடி செய்து பார்ப்பதால் பயனில்லை. அந்த நூலகங்களைப் பொதியிலிருந்து விலக்கி, பொதி ஓடும் கணினியில் தனியே நிறுவுமாறு கேட்கலாம். நீங்களே நிர்வகிக்கும் சர்வர்களுக்கு இது பொருந்தும். முதல் முறை ஓடும்போது பொதியை ஒரு கோப்புறையில் விரித்து, அந்தக் கோப்புறையைத் தேடல் பாதையின் தலையில் சேர்க்கும் சிறு நிரலை `__மெயின்__.பிஒய்` கோப்பில் எழுதலாம். இரண்டு இயக்கங்கள் ஒரே நேரத்தில் தொடங்கினால் பாதி விரிந்த கோப்புறையை ஒன்று படித்துவிடக்கூடும் என்பதால், தற்காலிகப் பெயரில் விரித்து, முழுதும் முடிந்த பிறகே இறுதிப் பெயருக்கு மாற்ற வேண்டும். இந்த வேலையைத் தாங்களே செய்துதரும் ஷிவ், பெக்ஸ் ஆகிய கருவிகள் இருக்கும்போது, கையால் எழுதுவதற்கு வலுவான காரணம் வேண்டும் என்பது என் கருத்து. ஷிவ் பயனரின் முகப்புக் கோப்புறையில் விரிக்கிறது; அங்கே எழுத அனுமதி இல்லாத சேவைக் கணக்குகளில் ஷிவ்_ரூட் என்ற சூழல் மாறியால் வேறு இடத்தைக் காட்ட வேண்டும்.

எந்த வழியில் போனாலும், தொகுக்கப்பட்ட நீட்சி ஓர் இயங்குதளத்துக்கும் செயலி வகைக்கும் பெரும்பாலும் ஒரு பைத்தான் பதிப்புக்கும் கட்டுப்பட்டது. கோப்பின் பெயரிலேயே சிபைத்தான்-312 போன்ற குறி இருக்கும். அது 3.11இல் ஏறாது.

தரவுக் கோப்புகள்

இம்போர்ட் எல்லாம் வெற்றி பெற்ற பின்பும் நிரல் விழுவது பெரும்பாலும் இங்கேதான். `__ஃபைல்__` மதிப்பிலிருந்து கோப்புறையைப் பிரித்தெடுத்து, அதோடு டெம்ப்ளேட்ஸ் என்று ஒட்டி, ஓப்பன் அழைப்புக்குக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போனது. பொதியில் அந்தப் பாதை `ரிப்போர்ட்.பிஒய்இசட்/ரிப்போர்ட்/டெம்ப்ளேட்ஸ்` என்று அமையும். நடுவில் இருப்பது கோப்பு, கோப்புறையன்று. ஆகவே லினக்ஸில் "நாட் எ டைரக்டரி" என்ற பிழை வரும்.

பைத்தான் 3.9 முதல் இருக்கும் `இம்போர்ட்லிப்.ரிசோர்சஸ்.ஃபைல்ஸ்` அழைப்பு, பேக்கேஜ் கோப்புறையில் இருந்தாலும் ஜிப்பில் இருந்தாலும் ஒரே விதமாகப் படித்துத் தரும். வட்டில் உண்மையான பாதை வேண்டும் என்று அடம்பிடிக்கும் வெளி நூலகங்களுக்கு அதே இடத்தில் உள்ள `ஆஸ்_ஃபைல்` தற்காலிகக் கோப்பு ஒன்றை உருவாக்கித் தரும். அதை வித் தொகுதிக்குள் பயன்படுத்துங்கள். ஜின்ஜா2 வார்ப்புருக்களுக்கு ஃபைல்சிஸ்டம்லோடரை விட்டு பேக்கேஜ்லோடருக்கு மாறினால் போதும், அது ஜிப்பின் உள்ளிருந்து படிக்கும்.

இதே நோயின் இன்னொரு வடிவம் செருகு நிரல்களைத் தேடும் இடத்தில் தோன்றுகிறது. ஒரு கோப்புறையைப் பட்டியலிட்டு, அதிலுள்ள ஒவ்வொரு கோப்பையும் இம்போர்ட் செய்யும் நிரல் பொதியில் ஓடாது. பட்டியலிடும் வேலையை `பிகேஜியுட்டில்.இட்டர்_மாட்யூல்ஸ்` என்ற ஃபங்ஷனிடம் ஒப்படைத்து, அதற்குப் பேக்கேஜின் `__பாத்__` மதிப்பைக் கொடுங்கள். அது ஜிப்புக்குள்ளும் தேடத் தெரிந்தது.

சிறிய காரணங்கள் சில

`__இனிட்__.பிஒய்` இல்லாத கோப்புறைகளையும் பைத்தான் 3.3 முதல் பேக்கேஜாக ஏற்கிறது. ஆனால் ஜிப்பில் கோப்புறைக்கென்று தனிப்பதிவு இல்லாவிட்டால் அது அடையாளம் காணப்படாமல் போகலாம். ஜிப்ஆப் அந்தப் பதிவுகளை எழுதுகிறது. வேறு கருவிகள் சில விட்டுவிடுகின்றன. வெறும் `__இனிட்__.பிஒய்` ஒன்றை வைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

பொதிக்குள் பைத்தான் எதையும் எழுதுவதில்லை. ஆகவே ஒவ்வொரு முறை இயக்கும்போதும் எல்லா மாட்யூல்களும் புதிதாகத் தொகுக்கப்படும். பெரிய திட்டங்கள் தொடங்கத் தாமதமாகும். முன்கூட்டியே தொகுத்து வைக்க `கம்பைல்ஆல்` மாட்யூலை `-பி` என்ற சிறிய எழுத்துத் தெரிவோடு இயக்க வேண்டும் (ஜிப்ஆப்பின் `-பி` வேறு, இது ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்து). அந்தத் தெரிவு இல்லாவிட்டால் தொகுத்தவை பைகேஷ் கோப்புறைக்குள் போய்விடும். ஜிப்இம்போர்ட் அங்கே பார்ப்பதில்லை. மூலக் கோப்புகளை நீக்கிவிட்டுத் தொகுத்தவற்றை மட்டும் அனுப்பாதீர்கள். பைத்தான் பதிப்பு மாறியதும் அவை செல்லாதவையாகிவிடும். மூலம் உடன் இருந்தால் பைத்தான் அதற்குத் திரும்பிக்கொள்ளும்.

கட்டும்போதே 1980க்கு முந்தைய நேரமுத்திரையை ஜிப் ஏற்காது என்ற பிழை வந்தால், கோப்புகளின் நேரத்தை டச் கட்டளையால் புதுப்பித்துவிட்டுக் கட்டுங்கள்.

துணைச் செயல்முறைகளும் ஓடிக்கொண்டிருக்கும் பொதியும்

வேலையைப் பல செயல்முறைகளுக்குப் பகிரும் மல்டிபிராசஸிங் மாட்யூலைப் பயன்படுத்தும் நிரல்களில், துணைச் செயல்முறையிடம் ஒப்படைக்கும் ஃபங்ஷனை `__மெயின்__.பிஒய்` கோப்பில் எழுதாதீர்கள். ஸ்பான் முறையில் (புதிய பைத்தானாக) தொடங்கும் துணைச் செயல்முறை, பொதியின் `__மெயின்__` கோப்பை வேண்டுமென்றே மறுபடி ஓட்டாமல் விட்டுவிடுகிறது. ஓட்டினால் நிரல் முழுவதும் மீண்டும் தொடங்கிவிடும் என்பதே காரணம். ஆகவே அங்கே வரையறுத்த ஃபங்ஷன் அதற்குக் கிடைக்காமல் "கான்ட் கெட் அட்ரிப்யூட்" என்ற பிழை எழும். வின்டோஸில் எப்போதும் ஸ்பான்தான்; மேக்கில் 3.8 முதல் அதுவே இயல்புநிலை. லினக்ஸில் நெடுங்காலம், தாய்ச் செயல்முறையை அப்படியே நகலெடுக்கும் ஃபோர்க் இயல்புநிலையாக இருந்ததால் பிழை வெளிப்படாமல் இருந்திருக்கும், 3.14இல் அங்கேயும் இயல்புநிலை மாறிவிட்டது. ஃபங்ஷனை ரிப்போர்ட் பேக்கேஜுக்குள் ஒரு மாட்யூலுக்கு நகர்த்தினால் எல்லா இடத்திலும் கிடைக்கும். தாய்ச் செயல்முறையின் தேடல் பாதை துணைச் செயல்முறைக்கும் போய்ச் சேர்கிறது.

சப்பிராசஸ் வழியே புதிய பைத்தானைத் தொடங்கினால் அந்தப் பாதை போகாது. பைத்தான்பாத் மாறியில் பொதியின் முழுப் பாதையை வைத்து அந்தச் சூழலோடு தொடங்குங்கள்.

கடைசியாக, நாள்கணக்கில் ஓடும் சேவைகளுக்கு ஓர் எச்சரிக்கை. பொதியின் உள்ளடக்கப் பட்டியலைப் பைத்தான் தொடக்கத்திலேயே படித்து நினைவில் வைத்துக்கொள்கிறது; ஆனால் ஒவ்வொரு மாட்யூலையும் ஏற்றும்போது கோப்பை மறுபடி திறந்து, பழைய பட்டியல் சொல்லும் இடத்தில் படிக்கிறது. சேவை ஓடிக்கொண்டிருக்கும்போது அதே பெயரில் புதிய பொதியை வைத்துவிட்டால், ஒரு ஃபங்ஷனுக்குள் தாமதமாக நடக்கும் இம்போர்ட் ஒன்று தவறான இடத்தைப் படித்து "பேட் லோக்கல் ஃபைல் ஹெடர்" என்று விழும். புதிய பொதிக்குப் பதிப்பு எண்ணோடு வேறு பெயர் கொடுத்து ஏற்றுங்கள். சேவையின் அமைப்பில் அந்தப் பெயரை மாற்றி மறுதொடக்கம் செய்யுங்கள். பழைய செயல்முறைகள் எல்லாம் முடிந்துவிட்டன என்று உறுதியான பிறகே பழைய பொதியை நீக்குங்கள்.